ஓடாத நிலையத்துக்கும் வாடகை

மின் உற்பத்தியில் அரசும் தனியாரும் கலந்து நிற்கும்போது ஒப்பந்தம், கட்டணம், கடன் எல்லாம் எப்படி நடக்கின்றன என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில்.

தனியார் அனல்மின் நிலையம் மாதக்கணக்கில் நின்றிருந்தாலும் வாரியம் பணம் கட்டுகிறது என்று செய்தி வருகிறது. வாங்காத மின்சாரத்துக்கு எதற்குப் பணம்?
– வாசகர், தூத்துக்குடி

கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வாடகை ஒன்று, இலைக்கு இவ்வளவு என்று சாப்பாட்டுச் செலவு ஒன்று. முகூர்த்தம் தள்ளிப்போனால் இலைக் காசு மிச்சம். வாடகை மிச்சமாகாது, ஏனென்றால் அந்தத் தேதியை உங்களுக்காகப் பிடித்து வைத்தாயிற்று. மின் கொள்முதல் ஒப்பந்தமும் இப்படித்தான் இரண்டு பகுதி: நிலைக் கட்டணம், எரிபொருள் கட்டணம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 600 மெகாவாட் நிலக்கரி நிலையம், மெகாவாட்டுக்கு 7 கோடி வீதம் மொத்தம் 4,200 கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான விகிதப்படி 70 பங்கு கடன், 30 பங்கு முதலாளியின் பணம்: 2,940 கோடியும் 1,260 கோடியும். போட்ட முதலுக்கு 15.5 சதவீத வருவாய் என்றால் 195 கோடி. கடனுக்கு 10 சதவீத வட்டி 294 கோடி. தேய்மானம் 5.28 சதவீதம், 222 கோடி. பராமரிப்பும் சம்பளமும் 120 கோடி, நடைமுறை மூலதனத்துக்கான (அன்றாடச் செலவுக்கு வாங்கும் கடனுக்கான) வட்டி 40 கோடி. கூட்டினால் ஆண்டுக்கு 871 கோடி. நிலையம் 85 சதவீதம் ஓடி, தன் சொந்தத் தேவைக்கு 6 சதவீதம் எடுத்துக்கொண்டால் வெளியே வருவது சுமார் 420 கோடி யூனிட். யூனிட்டுக்கு 2 ரூபாய் 7 காசு நிலைக் கட்டணம். பாதியளவே வாங்கினால் அதே 871 கோடி 210 கோடி யூனிட்டின் தலையில் விழுந்து 4 ரூபாய் 15 காசு ஆகிவிடும். செய்தித்தாளில் 'யூனிட் 10 ரூபாய்க்கு வாங்கினார்கள்' என்று வருவதில் பாதி இந்த வகுத்தல் கணக்குதான்.

எரிபொருள் பகுதி தனி. ஒரு யூனிட் உற்பத்திக்கு 2,400 கிலோ கலோரி வெப்பம், கிலோவுக்கு 3,600 கிலோ கலோரி தரும் நிலக்கரி, டன் 4,500 ரூபாய் என்றால் வெளியே அனுப்பும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 710 கிராம் கரி, அதாவது ஏறக்குறைய 3 ரூபாய் 20 காசு. இந்த வெப்ப அளவுக்கு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வரையறை வைத்திருக்கும். கொதிகலனைச் சரியாகப் பராமரிக்காமல் 2,500 கிலோ கலோரி எரித்தால் யூனிட்டுக்கு 13 காசு நட்டம் நிலையத்தின் சொந்தக் கணக்கில் போகும், நுகர்வோர் தலையில் ஏறாது. ஆண்டுக்கு 50 கோடிக்கு மேல் வரும் தொகை அது.

நிலைக் கட்டணம் முழுதாகக் கிடைக்க ஒரு நிபந்தனை உண்டு. 'நான் தயார்' என்று நிலையம் அறிவிக்கும் அளவு ஆண்டு சராசரியில் 85 சதவீதம் இருக்க வேண்டும். கரி இல்லை, டர்பைன் பழுது என்று 68 சதவீதமே தயாராக இருந்தால் 871 கோடியில் ஐந்தில் ஒரு பங்கு, 174 கோடி, வெட்டு விழும். தில்லுமுல்லுக்கு இடம் இருப்பதும் இங்கேதான். யார்டில் இரண்டு நாள் கரிகூட இல்லாத நிலையம், 'வாரியம் எப்படியும் எடுக்கப் போவதில்லை' என்ற தைரியத்தில் முழுத் தயார் என்று அறிவிக்கலாம். திடீரென்று ஓட்டச் சொல்லிப் பார்க்கும் உரிமையை ஒப்பந்தத்தில் எழுதி வைக்காத வாரியம் ஏமாறும். எழுதி வைத்துவிட்டு ஒருநாளும் பயன்படுத்தாத வாரியமும் அப்படித்தான்.

இன்னொன்று. இது தனியாருக்கு மட்டும் தரும் சலுகை என்று பலர் நினைக்கிறார்கள். மத்திய அரசு நிறுவனமான என்டிபிசியும் தமிழ்நாடு மின்வாரியமும் சரிபாதிக் கூட்டில் கட்டிய வல்லூர் 1,500 மெகாவாட் நிலையத்துக்கும், என்எல்சியோடு சேர்ந்து தூத்துக்குடியில் கட்டிய 1,000 மெகாவாட் நிலையத்துக்கும் இதே இரண்டு பகுதிக் கட்டணம்தான்.

மலிவான நிலையத்தை நிறுத்திவிட்டு விலை கூடியதை ஓட்டுகிறார்களே?
– வாசகர், கரூர்

பெரும்பாலும் அது சரியான முடிவாகத்தான் இருக்கும். 'அ' நிலையத்துக்கு நிலைக் கட்டணம் 3 ரூபாய், எரிபொருள் 2.50. 'ஆ' நிலையத்துக்கு நிலைக் கட்டணம் 1 ரூபாய், எரிபொருள் 3.50. மொத்தத்தில் 'ஆ' மலிவு. ஆனால் இரண்டின் நிலைக் கட்டணத்தையும் எப்படியும் கட்டியாக வேண்டும். இன்று கையை விட்டுப் போகப்போவது எரிபொருள் காசு மட்டும். ஆகவே 'அ'வை ஓட்டினால் யூனிட்டுக்கு ஒரு ரூபாய் மிச்சம். இதற்குப் பெயர் மெரிட் ஆர்டர். நாளைய தேவையை 15 நிமிடம் வீதம் 96 துண்டுகளாகப் பிரித்து, எரிபொருள் செலவு குறைந்தது முதலில் என்று மாநில லோடு டிஸ்பேட்ச் சென்டர் வரிசை போடும்.

காற்றும் சூரிய ஒளியும் வரிசையில் நிற்பதில்லை, வந்தால் எடுத்தாக வேண்டும். காற்று சீசனில் நம் மாநிலத்தில் நிலக்கரி நிலையங்கள் அடக்கி ஓட்டப்படுவது இதனால்தான். 55 சதவீதத்துக்குக் கீழே அடக்குவது பல நிலக்கரி யூனிட்டுகளுக்குச் சிரமம். எண்ணெய் ஊற்றிச் சுடரை நிலைநிறுத்த வேண்டிவரும், செலவு எகிறும்.

தனியார் தன் பணத்தைத்தானே போடுகிறார்? நட்டம் வந்தால் அவரோடு போகட்டுமே.
– வாசகர், சேலம்

100 ரூபாயில் அவர் பணம் 30. மீதி 70 வங்கியுடையது, அதாவது வைப்பு வைத்திருக்கும் உங்களுடையது. 2018 மார்ச்சில் நாடாளுமன்ற நிலைக்குழு கொடுத்த அறிக்கையில் சிக்கலில் மாட்டிய 34 நிலக்கரித் திட்டங்கள், சுமார் 40,000 மெகாவாட், பட்டியலிடப்பட்டன. கரி ஒதுக்கீடு இல்லை, வாங்க ஒப்பந்தம் இல்லை, முதலாளியால் தன் பங்கைக் கொண்டுவர முடியவில்லை. இவைதான் திரும்பத் திரும்ப வந்த காரணங்கள். மின்தேவை எப்படியும் ஏறும் என்று நம்பி, வாங்க ஆளில்லாமலே கட்ட ஆரம்பித்த நிலையங்கள் பல.

கடன் கொடுப்பவர் இயந்திரத்தை விட, மின்சாரத்தை வாங்குபவரின் பாக்கெட்டைத்தான் அதிகம் பார்ப்பார். ஆண்டுத் தவணை 100 கோடி என்றால் செலவு போகக் கையில் நிற்பது 120 முதல் 130 கோடியாவது இருக்க வேண்டும். இரண்டு காலாண்டுத் தவணையைத் தனிக் கணக்கில் பூட்டி வைக்கச் சொல்வார். வாரியத்திடம் ஒரு மாத பில் அளவுக்கு லெட்டர் ஆஃப் கிரெடிட் (வாரியம் கட்டாவிட்டால் வங்கி கட்டும் என்ற கடிதம்), அதற்கும் மேலே மாநில அரசின் உத்தரவாதம். சில ஒப்பந்தங்களில் எஸ்க்ரோ வேறு. எஸ்க்ரோ என்றால் குறிப்பிட்ட வட்டங்களின் கரண்ட் பில் வசூல் முதலில் அந்தக் கணக்குக்குப் போய்த்தான் வாரியத்துக்கு வரும். ஒரே வசூலை நான்கு நிலையங்களுக்கு எஸ்க்ரோ எழுதிக் கொடுக்க முடியாது. 1990களில் பல மாநிலங்களில் கையெழுத்தான திட்டங்கள் காகிதத்திலேயே நின்றதற்கு அது ஒரு பெரிய காரணம்.

வாரியம் பாக்கி வைத்தால் என்ன ஆகும்? 2022 ஜூனில் வந்த தாமதக் கட்டண விதிகள்படி ஸ்டேட் வங்கியின் ஓராண்டு எம்சிஎல்ஆர் (வங்கி கடன் கொடுக்கும் அடிமட்ட வட்டி) விகிதத்தோடு 5 சதவீதம் சேர்த்தது அடிப்படை. ஒவ்வொரு மாதத் தாமதத்துக்கும் அரை சதவீதம் ஏறும், அடிப்படைக்கு மேல் 3 சதவீதத்தில் நிற்கும். எம்சிஎல்ஆர் 9 என்று வைத்தால் 14இல் தொடங்கி ஏழாம் மாதம் 17ஐத் தொடும். 100 கோடி பில்லை ஓராண்டு இழுத்தால் 16 கோடிக்கு மேல் வட்டி. நிலையம் கட்டியவரின் அனுமதிக்கப்பட்ட வருவாயே 15.5 சதவீதம்தான் என்பதைக் கவனியுங்கள். மின்சாரம் விற்பதை விட வாரியத்துக்குக் கடன் கொடுப்பது லாபம்! ஆனால் அந்தப் பணம் கைக்கு வரும்வரை கரி வாங்கக் காசு இருக்காது என்பது வேறு கதை. பழைய பாக்கியை 48 மாதத் தவணை வரை பிரித்துக் கட்டவும் இதே விதிகள் வழி செய்தன. தவணை தவறினால் மின்சந்தையில் வாங்கும் வசதி வெட்டப்படும். மாநிலங்கள் பாக்கியைக் கட்டத் தொடங்கியதில் இந்த பயத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

நேர்மாறாகவும் ஒரு சலுகை இருக்கிறது. மத்திய விதிகளில், பில் வந்த ஐந்து நாளுக்குள் கட்டினால் 1.5 சதவீதம் தள்ளுபடி, 30 நாளுக்குள் என்றால் 1 சதவீதம். பணமுடையில் இருக்கும் வாரியத்துக்கு இது எட்டாத கனி.

எங்கள் மூன்று பனியன் கம்பெனிகளும் சேர்ந்து ஒரு சோலார் கம்பெனியில் பங்கு வாங்கி குரூப் கேப்டிவ் முறையில் மின்சாரம் எடுக்கலாம் என்கிறார்கள். எதில் கவனம் வேண்டும்?
– வாசகர், திருப்பூர்

குரூப் கேப்டிவ் என்றால் பலர் சேர்ந்து ஒரு நிலையத்தில் பங்கு வைத்து, அதன் மின்சாரத்தைத் தங்கள் சொந்தத் தேவைக்கு எடுப்பது. 2005 மின்சார விதிகளில் 3ஆம் விதியை வரி வரியாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். இரண்டு எண்கள்: பயன்படுத்துவோரிடம் குறைந்தது 26 சதவீத உரிமை, உற்பத்தியில் குறைந்தது 51 சதவீத நுகர்வு.

10 மெகாவாட் சோலார், செலவு 40 கோடி, அதில் பங்கு மூலதனம் 12 கோடி என்றால் உங்கள் மூவர் கையில் 3 கோடியே 12 லட்சத்துக்கான ஓட்டுரிமையுள்ள பங்கு இருக்க வேண்டும். ஓட்டுரிமை இல்லாத முன்னுரிமைப் பங்கு கணக்கில் வராது. ஆண்டு உற்பத்தி, முழுத் திறனில் 19 சதவீத அளவில், 1 கோடியே 66 லட்சம் யூனிட். அதில் 85 லட்சம் யூனிட்டை நீங்கள் மூவரும் எடுத்தாக வேண்டும்.

அதோடு முடியவில்லை. யாரிடம் எத்தனை பங்கோ அந்த விகிதத்தில்தான் நுகர்வும் இருக்க வேண்டும், பத்து சதவீதம் முன்பின் போகலாம். இந்த விகிதச் சோதனை தனி நிறுவனம் அமைத்து நடத்துபவர்களுக்கும் பொருந்தும், குறைந்தபட்ச உரிமை ஆண்டு முழுக்க நிலைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

தொழிலில் இது தவறுவது இப்படித்தான்: ஆர்டர் குறைந்து ஒரு கம்பெனி ஷிஃப்டைக் குறைக்கும், விகிதம் கலையும். அல்லது சோலார் கம்பெனி விரிவாக்கத்துக்காகப் புதுப் பங்கு வெளியிடும், உங்கள் 26 சொல்லாமல் கொள்ளாமல் 22 ஆகிவிடும். தவறினால், குறைந்த அளவுக்கு மட்டும் அபராதம் என்று நினைக்காதீர்கள். அந்த ஆண்டு எடுத்த மொத்த மின்சாரமும் மூன்றாம் நபரிடம் வாங்கியதாகக் கருதப்பட்டு, முழுவதுக்கும் குறுக்கு மானியக் கூடுதல் கட்டணம் (வாரியத்தை விட்டு வெளியே வாங்குவோர் வாரியத்துக்குக் கட்டும் ஈடு) விழும். அதுவும் ஆண்டு முடிந்து கணக்குப் பார்க்கும்போதுதான் தெரியவரும். எனவே புதுப் பங்கு வெளியிட உங்கள் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்ற பிரிவு, தகுதி இழப்பு விற்பவர் தவறால் வந்தால் கட்டணத்தை அவரே ஏற்க வேண்டும் என்ற பிரிவு, இரண்டும் பங்குதாரர் ஒப்பந்தத்தில் வேண்டும். டிசம்பர் கடைசியில் ஒருமுறை மூவரின் யூனிட்டையும் கூட்டிப் பாருங்கள், திருத்திக்கொள்ள மூன்று மாதம் இருக்கும்.

இலங்கை மின்சார சபை தனியாரிடம் வாங்கும் மின்சாரத்துக்கு டொலரில் விலை பேசுவது ஏன்? சனத்துக்கு இதில் என்ன பாதிப்பு?
– வாசகர், யாழ்ப்பாணம்

கட்டுபவர் டாலரில் கடன் வாங்குகிறார், டாலரில் இயந்திரம் வாங்குகிறார். விற்பனை வருவாய் ரூபாயில் வந்தால் இடைவெளியை யாராவது தாங்க வேண்டும். விலையை டாலரில் எழுதிவிட்டால் தாங்குபவர் மின்சார சபை, கடைசியில் நீங்கள்.

அதானி நிறுவனம் கட்டவிருந்த மன்னார், பூநகரி காற்றாலைத் திட்டத்தில் பேசப்பட்ட விலையையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம்: யூனிட் 8.26 சென்ட். 2022 தொடக்கத்தில் ஒரு டாலர் 203 ரூபாய். அந்தக் கணக்கில் யூனிட் 16 ரூபாய் 77 சதம். சில மாதத்தில் டாலர் 360ஐத் தொட்டபோது அதே காற்று, அதே யூனிட், 29 ரூபாய் 74 சதம் ஆகியிருக்கும். இறக்குமதி எண்ணெயில் ஓடும் நிலையங்களுக்கு உலகச் சந்தை விலையும் சேர்ந்து ஏறியது. 2022 ஆகஸ்டில் சராசரி 75 சதவீதம், 2023 பிப்ரவரியில் மறுபடி 66 சதவீதம் என்று உங்கள் பில் உயர்ந்ததற்குள் ரூபாயின் சரிவு பெரிய பங்கு வகிக்கிறது.

அந்தத் திட்டம் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது, புதிய அரசு விலையை மீண்டும் பேசக் கேட்ட பிறகு நிறுவனம் விலகிக்கொண்டது. விலை சரியா தவறா என்பதை விட முக்கியமான கேள்வி ஒன்று இருந்தது. 2022 ஜூனில் மின்சாரச் சட்டத்தைத் திருத்திப் போட்டி ஏலம் கட்டாயம் என்பதை எடுத்துவிட்டார்கள். ஏலம் இல்லாதபோது 8.26 அதிகமா குறைவா என்று ஒப்பிட அளவுகோலே இல்லாமல் போயிற்று. மின்கட்டணத்தை ஒழுங்குபடுத்தும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு என்னதான் சொல்ல முடியும்?

உங்கள் நாட்டிலேயே நல்ல முன்மாதிரியும் இருக்கிறது. 1990களின் பிற்பாதியில் 10 மெகாவாட்டுக்கு உட்பட்ட சிறு நீர்மின் நிலையங்களுக்கு எல்லோருக்கும் ஒரே மாதிரி ஒப்பந்தம் அச்சிட்டுக் கொடுத்தார்கள். பேரம் இல்லை, தனித்தனிச் சலுகை இல்லை. உள்ளூர் வங்கிகள் ரூபாயில் கடன் கொடுத்தன, உள்ளூர் ஆட்கள் மலையகத்தில் கட்டினார்கள். 2022 நெருக்கடியில் இந்தச் சிறிய உற்பத்தியாளர்களுக்கே மாதக்கணக்கில் பணம் வராமல் போனது வருத்தமான விஷயம்.

டாலரில் விலை எழுதிய இன்னொரு நாடு பாகிஸ்தான். 1994இல் யூனிட்டுக்கு 6.5 சென்ட் என்று விலையை முன்கூட்டியே அறிவித்து முதலீட்டாளர்களை அழைத்தது. ஏராளமானவர்கள் வந்தார்கள். முப்பது ஆண்டு கழித்து 2024 அக்டோபரில் ஐந்து தனியார் நிலையங்களின் ஒப்பந்தத்தைக் காலம் முடியுமுன்பே முடித்துக்கொண்டது.

ஏலத்தில் யார் குறைவாகக் கேட்கிறாரோ அவருக்குக் கொடுத்தால் எல்லாப் பிரச்சினையும் தீருமே?
– வாசகர், மதுரை

பாதி தீரும். கமுதியில் 648 மெகாவாட் சோலார் 2016இல் வந்தபோது ஆணையம் நிர்ணயித்திருந்த யூனிட் விலை 7 ரூபாய் 1 காசு. அடுத்த ஆண்டே தமிழ்நாட்டு டெண்டரில் 3 ரூபாய் 47 காசுக்கு ஆள் வந்தார்கள். ராஜஸ்தான் பாத்லாவில் 2 ரூபாய் 44 காசு. பேனல் விலை இப்படிச் சரியும் துறையில் ஆணையம் மேசையில் உட்கார்ந்து விலை போட்டால் பின்தங்கத்தான் செய்யும். ஏலம் வெல்லும்.

நிலக்கரியில் வேறு மாதிரி. குஜராத் முந்த்ராவில் 4,000 மெகாவாட் நிலையத்தை யூனிட் 2 ரூபாய் 26 காசுக்கு ஏலத்தில் எடுத்தார்கள், இந்தோனேசியக் கரியை நம்பி. 2010இல் அந்த நாடு ஏற்றுமதிக் கரியை உலக விலைக்குக் குறைவாக விற்கக் கூடாது என்று விதி போட்டது. கணக்கு கவிழ்ந்தது. கூடுதல் விலை கேட்டு வழக்கு. வெளிநாட்டுச் சட்ட மாற்றம் ஒப்பந்தத்தில் சொன்ன 'சட்ட மாற்றம்' ஆகாது, கரி விலை ஏறியது இயற்கைச் சீற்றம் போன்ற காரணமும் ஆகாது என்று 2017 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்டப்படி நுகர்வோருக்கு வெற்றி. ஆனால் ஓட்ட ஓட்ட நட்டம் என்றால் நிலையத்தை யார் ஓட்டுவார்? 2022 மே மாதம் தட்டுப்பாடு வந்தபோது மின்சாரச் சட்டத்தின் 11ஆவது பிரிவைப் பயன்படுத்தி, இறக்குமதிக் கரி நிலையங்களை முழு அளவில் ஓட்டு, விலை தனியாகத் தருகிறோம் என்று மத்திய அரசு உத்தரவிட வேண்டியதாயிற்று.

ஏலமே இல்லாமல் போனால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு வங்கதேசம் இருக்கிறது. அவசரம் என்று சொல்லி 2010இல் தனிச் சட்டம் போட்டு, டெண்டர் இல்லாமல், நீதிமன்றமும் கேட்க முடியாதபடி ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. இருட்டு போனது உண்மை. பின்னால் 26,000 மெகாவாட்டுக்கு மேல் நிறுவுதிறன், உச்சத் தேவையோ 2024இல் 16,000 சொச்சம். மேலே தூத்துக்குடி வாசகருக்குச் சொன்ன மண்டப வாடகையை நினைத்துப் பாருங்கள். அந்தச் சட்டத்தை 2024 நவம்பரில் ரத்து செய்தார்கள்.

ஆணையத்தில் பொதுமக்கள் கருத்துக் கேட்புக்குப் போனால் உருப்படியாக என்ன கேட்கலாம்?
– வாசகர், விழுப்புரம்

'விலையை ஏற்றாதே' என்பது கேள்வி ஆகாது, பதிலும் வராது. முதலில் எந்த மனு என்று பாருங்கள். ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் கேட்கும் மனு, 2003 மின்சாரச் சட்டம் 86ஆவது பிரிவின்படி வருவது, இருப்பதிலேயே முக்கியமானது. கூட்டம் சேருவதோ கட்டண உயர்வு மனுவுக்குத்தான். ஆனால் 25 ஆண்டுக்கு நிலைக் கட்டணம் தலையில் ஏறுவது ஒப்பந்த மனுவில். ஒப்பந்தம் கையெழுத்தாகி விட்டால் விலை கூடுதல் என்று பின்வாங்குவது கடினம். 2019இல் ஆந்திர அரசு பழைய காற்று, சூரிய ஒப்பந்தங்களின் விலையைக் குறைக்கப் பார்த்தது, 2022இல் உயர் நீதிமன்றம் ஒப்பந்த விலையையே கொடு என்று சொல்லிவிட்டது. 1990களின் தொடக்கத்தில் ஆணையங்களே கிடையாது. மகாராஷ்டிர வாரியம் என்ரான் நிறுவனத்தின் தாபோல் மின் நிலைய ஒப்பந்தத்தை 1993இல் கையெழுத்திட்டபோது இப்படிப் பொதுவில் வைத்துக் கேள்வி கேட்க இடமே இல்லை. உலக வங்கி அதே ஆண்டு கடன் தர மறுத்தும் திட்டம் நிற்கவில்லை. நிலையம் 1999இல் ஓடத் தொடங்கி 2001இல் நின்றது.

ஒப்பந்த மனுவில் கேட்க வேண்டியவை: தேவை மதிப்பீடு எந்த ஆண்டுப் புள்ளிவிவரத்தில் போட்டது, அதன்பிறகு உண்மையான தேவை எவ்வளவு. 62ஆவது பிரிவின்படி ஆணையம் செலவைப் பார்த்து விலை போடுகிறதா, 63ஆவது பிரிவின்படி ஏல விலையை ஏற்கிறதா. எரிபொருள் எங்கிருந்து, விலை ஏற்றம் யார் பொறுப்பு. 'சட்ட மாற்றம்' என்ற சொல்லுக்கு ஒப்பந்தத்தில் விளக்கம் என்ன, அதில் வெளிநாட்டுச் சட்டம் உண்டா.

கட்டண மனு என்றால் நிலையம் வாரியாக உள்ள அட்டவணையைத் திறந்து மூன்று பத்திகளை மட்டும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: கட்டிய நிலைக் கட்டணம், வாங்கிய யூனிட், தயார் என்று அறிவித்த சதவீதம். யூனிட் குறைந்து, அறிவித்த சதவீதம் மட்டும் உயரத்தில் நிற்கும் நிலையம் எது என்று கேளுங்கள். ஓட்டிப் பார்த்துச் சோதித்தீர்களா என்று அடுத்த கேள்வி. அரசு இலவச மின்சாரத்துக்குத் தர வேண்டிய மானியம் 65ஆவது பிரிவின்படி முன்பணமாக வந்ததா என்பது மூன்றாவது. வராவிட்டால் அந்த ஓட்டையை வாரியம் கடன் வாங்கி அடைக்கும், வட்டி உங்கள் கட்டணத்தில் ஏறும்.

மேடையில் பேச மூன்று நிமிடம்கூடக் கிடைக்காமல் போகலாம். அதனால் அறிவிப்பில் சொன்ன தேதிக்குள் எழுத்தில் அனுப்பிவிடுங்கள், பக்க எண்ணும் அட்டவணை எண்ணும் போட்டு. ஆணையத்தின் கட்டண உத்தரவில் ஆட்சேபம், வாரியத்தின் பதில், ஆணையத்தின் கருத்து என்று வரிசையாக அச்சாகும். வாரியம் எழுதிக் கொடுத்த பதில் அங்கே நிற்கும், அடுத்த ஆண்டு மனுவில் அதையே எடுத்துக் காட்டிக் கேட்கலாம்.